பாதி சார்ஜ்

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பரணை ஒதுக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், நேற்று நிஜமாகவே ஏறிவிட்டேன். குடில் பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே அப்பாவின் வேட்டிக் கிழிசலில் சுற்றிய ஒரு லேப்டாப் பேட்டரி, பக்கத்தில் அவருடைய விசில். பேட்டரி உப்பிப்போய், விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி இருந்தது. "அதக் குப்பையில கிப்பையில போட்றாத, தீப்பிடிச்சுக்கிரும்" என்று கீழேயிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். நான் எங்கே போட? பரணிலேயே உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான். விசில் ஓய்வு பெறவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் விசில். பூசைக்கு நேரமானால் விசில். அம்மா குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வீட்டில் பேசிக்கொண்டு நின்றால் அதற்கும் விசில். அம்மா மட்டும் அதைக் காதில் வாங்கமாட்டாள்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் அந்த லேப்டாப் எங்கள் வீட்டுக்கு வந்தது. மஸ்கட்டில் இருந்த அண்ணன், லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். சமாதானத்துக்குத்தான் அனுப்பினான், வேறென்ன? அங்கே ஒரு கேரளத்து நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் போனில் சொன்னான். அவளும் எங்களைப்போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண்தான். ஆனாலும் அப்பாவுக்கு ஆறவில்லை. "நம்ம கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு ஊருக்குச் சொல்லாம ஒரு கல்யாணமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" அத்தோடு பேச்சு நின்றது. அண்ணனிடமிருந்து போன் வந்தால் அப்பா எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு செம்பருத்தி. அது அழுகியே செத்தது.

மகனோடு பேசமாட்டாரே தவிர, மகன் அனுப்பிய லேப்டாப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். டேட்டா கார்டைச் செருகி வீடியோவில் பேசுவதற்கு நான். அப்போது நான் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் வீட்டில் நான்தான் விஞ்ஞானி. பேட்டரிக்கு அப்பா. அது தேய்ந்துவிடக் கூடாது என்று முதல் நாளே கழற்றி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ஒயரை மட்டும் சொருகி அம்மாவும் அண்ணனும் பேசுவார்கள். பேட்டரி அவசரத்துக்கு மட்டும்.

இப்படிச் சும்மா கிடக்கிற பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது? டார்ச்லைட் மங்கினால் பேட்டரிக் கட்டையை வெயிலில் வைத்து எடுப்போமில்லையா, அப்பா அதைத்தான் செய்தார். சித்திரை வெயிலில், மொட்டைமாடியில், அம்மா காயவைத்த மிளகாய்க்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் விலை போகும் பேட்டரி! சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது தோசைக்கல்லாகச் சுட்டது. மிளகாய் நெடி வேறு. பிறகு மாட்டிப் பார்த்தால் முதல் நாள் நின்றதில் பாதி நேரம்கூட நிற்கவில்லை.

விஷயத்தைக் கேட்டு அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான். அப்புறம் சொன்னான்: "சூடு ஆகாதுன்னு சொல்லு பாப்பா. முழுசா ஏத்தியும் வைக்கக்கூடாது, காலியாவும் விடக்கூடாது. பாதியில கழட்டிக் குளுமையா வைக்கச் சொல்லு. அப்பப்ப எடுத்து ஓட்டிப் பாக்கணும்." நான் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "அவன் என்ன சொல்றது, எனக்குத் தெரியாதா? சும்மா கெடந்தா எந்த ஒடம்பும் கெட்டுத்தான் போகும்" என்றார்.

அந்த வாரமே டிரில் ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் பேட்டரியை மாட்டி ஏற்றுவார். பிறகு அதை ஓடவிட்டு இறக்க வேண்டும். "நீ சீட்டு வெளயாடு பாப்பா, நான் பாத்துக்கிறேன்." சீட்டுக்கட்டை வீட்டுப்படி ஏறவிடாத மனிதர்! நான் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடுவேன். அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரை மூலையில் இறங்கும் சார்ஜ் எண்ணையே பார்த்திருப்பார். ஐம்பது வந்ததும் ஊதிவிடுவார். கழற்றித் துணியில் சுற்றி, டின்னில் போட்டு, பூச்சி அண்டாமல் இரண்டு அந்துருண்டையும் போட்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைப்பார். மகன் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றான். அம்மா அன்று பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்தாள். அப்பா வாளியோடு வாசலுக்குப் போனார். ஊற்றச் செடிதான் இல்லை. லைன் கிடைத்து அண்ணன் முகம் தெரிந்ததுதான், கரண்ட் போய்விட்டது. மின்வெட்டுக்கு நேரங்காலம் ஏது அப்போது?

"ஐயோ, எம் பேத்தி!" என்று அம்மா அலறினாள். நான் எழுவதற்குள் அப்பா டின்னோடு உள்ளே வந்துவிட்டார். பேட்டரியைத் தானே மாட்டி, என்னைப் பார்க்காமல், "பாதிதான் இருக்கு. வெரசாப் பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நிலைப்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

மறுபடி லைன் கிடைத்தது. குழந்தை துணிக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "எழுப்பாதப்பா, அதுவா முழிக்கட்டும்" என்றாள் அம்மா. வெயிலில் வெந்த பேட்டரியில் பாதி என்றால் எவ்வளவு தாங்கும்? எண் மளமளவென்று இறங்கியது. அண்ணன் கண்கள் அம்மாவின் தோளுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. இது அணைந்தால் அப்பா மறுபடி வாளியைத் தூக்கிவிடுவார்.

அம்மா திரும்பினாள். "ஏங்க, பேட்டரி எம்புட்டு இருக்குன்னு செத்த வந்து பாருங்க. எனக்கு அந்த நம்பர் தெரியல."

அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி வேண்டாம், தெரியுமா?

அப்பா வந்தார். மூலையில் இருந்த எண்ணைப் பார்க்கக் குனிந்தார். அங்கே அண்ணனுக்குத் திரை முழுக்க அப்பா முகம்தான் தெரிந்திருக்கும்.

"பன்னண்டு" என்றார்.

"அப்பா" என்றான் அண்ணன்.

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது அவன் அந்தக் குரலைக் கேட்டு. அப்பா நிமிரவில்லை. குழந்தை தும்மியது. "ஏலே, புள்ள மேல ஏசிக் காத்து அடிக்குது பாரு. துண்ட இழுத்து விடுறா" என்றார். "சரிப்பா, சரிப்பா" என்று அவன் இழுத்துவிடும்போதே திரை இருண்டது.

அப்பா அப்படியே குனிந்திருந்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் அப்பாவே ஒயரைச் சொருகினார்.

"பாப்பா, இனிமே முழுசாவே ஏத்தி வையி. கழட்டவும் வேணாம்."

"கெட்டுப்போகும்பா."

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுது."

அப்படியே கெட்டும் போனது. அதற்குள் அண்ணன் குடும்பத்தோடு வந்து, அப்பா பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் விசில் ஊதிவிட்டார். உயிர்போன பேட்டரியை அவர் எப்போது டின்னில் போட்டு வைத்தாரோ, எனக்குத் தெரியாது.

இப்போது கரண்ட் அப்படிப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக யாரும் காத்திருப்பதும் இல்லை; அண்ணன் ரோட்டில் நடந்துகொண்டே முகம் காட்டிப் பேசுகிறான். அம்மா போய், பின்னாலேயே அப்பாவும் போய், நாங்கள் குடிவந்துவிட்ட இந்த வீட்டில் விசில் சத்தம் நின்று வருடங்களாகிவிட்டன.

நேற்று சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது பேட்டரியைத் தூக்கிக் காட்டினேன். நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான். பிறகு போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து கேட்டான்.

"எம்புட்டு இருக்கு பாப்பா?"

"பன்னண்டு" என்றேன்.