டாக்டர் சுகிர்தாவும் இரண்டு மூச்சு இயந்திரங்களும்

ஆம்பூர் பஜாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் இக்பால் போன் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு பண்டிகைக்கு மட்டும் பேசுகிறவர். "சிஸ்டர், சுகிர்தா போய்ட்டாங்க. தூக்கத்துலயே," என்றார். கீரைக்காரம்மா கட்டை நீட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனை வைக்கும் முன் இக்பால் கேட்டார்: "இனிமே நான் யார் கூட சண்டை போடறது, சொல்லுங்க."

வேலூரில் எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தொண்ணூறுகளில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு அந்தச் சண்டை நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அங்கே பொறுப்புச் செவிலியர். சுகிர்தாவும் இக்பாலும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த மருத்துவர்கள். எங்கள் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

மூச்சு தடுமாறி வருகிறவர்களுக்குத் தொண்டைக்குள் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் போடுவதுதான் அன்றைய வழக்கம். குழாய் போட்டவரால் பேச முடியாது, விழுங்க முடியாது. நெஞ்சில் கிருமி சேரும் ஆபத்தும் உண்டு. இந்த நிலையில்தான் எங்களுக்கு சிபாப் இயந்திரம் ஒன்று வந்தது. குழாய் வேண்டாம், முகத்தில் மாஸ்க்கை இறுகப் பொருத்தினால் போதும், ஒரே சீரான அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வந்த அன்றே சுகிர்தா காலியாக இருந்த கட்டிலில் படுத்து, "எனக்கு மாட்டுங்க சிஸ்டர்," என்றார். மாட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே கண்கள் விரிந்தன, கை காற்றில் எதையோ தேடியது. கழற்றியதும் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டு ரயில்ல போற மாதிரி இருக்கு. எனக்கே இவ்ளோ பேஜாரா இருந்தா, மூச்சு கிடைக்காம வர்றவங்க எப்படித் தாங்குவாங்க?" அன்றிலிருந்து எங்கள் பிரிவில் யாருக்கும் எடுத்தவுடன் மாஸ்க்கின் வாரைக் கட்டியதில்லை. முதலில் மாஸ்க்கைக் கையால் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் பழகிய பிறகே கட்டுவோம். நிறையப் பேருக்குக் குழாய் தேவைப்படாமல் போனதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து பைபாப் என்ற புது இயந்திரம் வந்தது. மூச்சை இழுக்கும்போது ஜாஸ்தியாகத் தள்ளும், விடும்போது அழுத்தத்தைக் கம்மியாக்கிக்கொள்ளும். சுகிர்தாவுக்கு அதன்மேல் ஒரே மோகம். "இனிமே எல்லாருக்கும் இதுதான். பழசை ஸ்டோருக்கு அனுப்பிடலாம்," என்றார். இக்பால் விடவில்லை. "மாரடைச்சு நுரையீரல்ல தண்ணி கட்டி வர்றவங்களுக்குப் பழசே போதும். பந்தயம் வெச்சுக்கலாமா?" தேநீர் அறையில் தொடங்கிய சண்டை வராண்டா வரைக்கும் போனது. கடைசியில், இருவருமாக ஒவ்வொரு நோயாளியையும் கவனித்து, எந்த இயந்திரத்தில் எவர் எப்படித் தேறுகிறார் என்று பார்த்துவிடுவதாக முடிவானது.

பல மாதங்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மதியம் சுகிர்தா தேநீர் அறைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "இக்பால் சொன்னதுதான் சரி. தண்ணி கட்டினவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் தோத்துட்டேன்," என்றார். முகத்தில் கொஞ்சமும் வாட்டம் இல்லை. அடுத்த நாள் ஆம்பூரிலிருந்து பிரியாணி வந்தது. "தோத்தவங்க சாப்பாடுதான் ருசி," என்று இக்பாலுக்குத் தன் கையாலேயே பரிமாறினார்.

அந்தத் தோல்வியின் மதிப்பு எனக்குப் புரிந்தது ஒரு மழைக்கால முற்பகலில். காவேரிப்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அவர் மகன் காரில் அழைத்து வந்தார். இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் சேர்ந்து, உதட்டில் நுரையோடு திணறிக்கொண்டிருந்தார். அவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏழுமலை என்பவரைக் கொண்டு வந்தார்கள். தோல் பதனிடும் டேனரியில் வேலை. பல வருட பீடியில் நுரையீரல் கெட்டுப்போனவர். கரியமிலவாயு வெளியேறாமல் தங்கி, அரை மயக்கத்தில் தலை தொங்கிக் கிடந்தது. அவர் மனைவி சரசு, "இன்னா டாக்டரம்மா, கூப்ட கூப்ட கண்ணே தொறக்க மாட்டேங்குறாரே," என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். வென்டிலேட்டர் எதுவும் காலியில்லை. கைவசம் இருந்தது பைபாப் ஒன்று, சிபாப் ஒன்று.

சுகிர்தா ஒரு நொடியும் தயங்கவில்லை. தலைமையாசிரியருக்குப் பழையது, ஏழுமலைக்குப் புதியது. மகன் கொதித்துவிட்டார். "முதல்ல வந்தது நாங்க. எங்கப்பாவுக்குப் பழைய மெஷின், அந்தாளுக்குப் புதுசா?"

சுகிர்தா தலைமையாசிரியர் முகத்திலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "உங்கப்பாவுக்கு விடாத அழுத்தம் இருந்தா போதும், தண்ணி விலகிடும். அந்தப் பக்கம் படுத்திருக்கிறவருக்குக் கெட்ட காத்து வெளிய போகணும். அதுக்கு மூச்சைத் தள்ளிக் கொடுக்கிற மெஷின்தான் வேணும்."

"அதெப்படி அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?"

"நானும் உங்கள மாதிரி புதுசுதான் உசத்தின்னு நினைச்சேன். தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதனாலதான் நிச்சயமா சொல்றேன்."

தலைமையாசிரியர் சீக்கிரமே தெளிந்து, மாஸ்க்கோடு இருந்தபடியே மகனைச் சும்மா இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஏழுமலைதான் எங்களைப் பயமுறுத்தினார். குழாய் போடுவதற்கான தட்டை அவர் தலைமாட்டிலேயே திறந்து வைக்கச் சொன்னார் சுகிர்தா. "இன்னும் மந்தமானா போட்டுடுவோம், பையைக் கையால அழுத்திக் காத்து கொடுத்துக்கிட்டு வென்டிலேட்டர் தேடுவோம். மாஸ்க்குதான் ஜெயிக்கணும்னு நமக்கு வேண்டுதலா இன்னா?" தட்டு தேவைப்படவில்லை. சாயங்காலம் ஏழுமலை கண் திறந்து சரசுவைப் பார்த்தார். மாஸ்க்கைச் சற்றுத் தூக்கியதும் கேட்ட முதல் வார்த்தை, "டீ." சரசு அழுதுகொண்டே திட்டினார்; சுகிர்தா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுதினால் அவரே என்னைக் கண்டிப்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு சோளிங்கரிலிருந்து பாக்கியம் என்றொரு அம்மாள் வந்தார். நுரையீரல் முழுக்கத் தழும்பேறி இறுகியிருந்தது. குழாய் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். எந்த இயந்திரமும் உதவவில்லை. மூன்றாம் நாள் மாஸ்க்கைத் தள்ளிவிட்டு மகளைக் கை காட்டினார். நான் திரும்பப் பொருத்தப் போனேன். சுகிர்தா என் கையைப் பிடித்தார். "வேணாம் சிஸ்டர். பேசணும்ங்கிறாங்க."

மாஸ்க்கைக் கழற்றி, மூக்கில் சாதாரண ஆக்சிஜன் குழாயை வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாக்கியம்மாள் ஒரு சொல் பேசுவார், மூச்சு வாங்குவார், அடுத்த சொல்லைத் தேடுவார். மகளால் தாங்க முடியவில்லை; அம்மா தொடங்கியதை எல்லாம் தானே முடித்துவைத்தார். சுகிர்தா மெதுவாகச் சொன்னார்: "அவங்களே சொல்லட்டும்மா. மூச்சு வாங்கிட்டுச் சொல்வாங்க." மொட்டைமாடியில் காயும் மிளகாயைப் பற்றியும், பேத்தியைப் படிக்க வைப்பதைப் பற்றியும் அந்த அம்மாள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. சுகிர்தா எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் பாக்கியம்மாள் இறந்துவிட்டார்.

இப்போது நான் உறவிலும் எங்கள் திருச்சபையிலும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். படுத்திருப்பவர் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கி நிற்கும்போது, மிச்சத்தைச் சொல்லிவிட என் நாக்கு துடிக்கும். சொல்வதில்லை. உட்கார்ந்து காத்திருக்கிறேன். சுகிர்தாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் காத்திருப்புதான்.