இடது கை சொன்ன சாட்சி

தாராவி ஜெயினுலாப்தீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பீடி, சீட்டாட்டம் போன்ற எளிதில் திருத்தக்கூடிய பழக்கம் அல்ல. தோலில் செய்த எதைக் கண்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு நசுக்கு நசுக்குவார். நசுக்கியதும் உண்மையைச் சொல்லிவிடுவார். மைத்துனர் மகளின் நிக்காஹில் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவுகிற சாக்கில் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "உள்ள அட்டைய வச்சு ஒட்டிருக்கான் மாப்ள, மழையில நனைச்சிராதீங்க" என்று வாழ்த்தியவர் அவர்.

இந்தக் கெட்ட பழக்கம்தான் அவருடைய தொழிலும். பை தைக்கிற பட்டறைக்காரர்கள் தோல் வாங்கப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இடது கையால் தோலின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, வலது கை விரல்களால் நசுக்கி, "எடு" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். இந்த இரண்டு சொற்களுக்கு மாதம் இருபதாயிரம் வந்தது. அதை அப்படியே வருமான வரிக்கும் காட்டியிருந்தார். பின்னாளில் அந்தக் காகிதங்களைப் பார்த்து, வருமானத்துக்கு அத்தாட்சி கிடைத்த சந்தோஷத்தில் அவருடைய வக்கீல் கண்கலங்கினாள்.

வக்கீல் தேவைப்பட்டது அவருடைய நாற்பத்தேழாம் வயதில். தொண்ணூறடி ரோட்டில் ரிவர்ஸ் எடுத்த டெம்போ ஒன்று, அவருடைய வலது கையைக் கடை ஷட்டரோடு சேர்த்து நசுக்கியது. நசுக்குவதில் டெம்போவுக்கு அவர் அளவுக்குப் பக்குவம் போதாது. எலும்பு கூடியது, நகமும் முளைத்தது. அந்த இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. மருத்துவர்கள் கூடி அளந்து, முழு உடம்புக்கு நான்கு சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சொந்தமாக ஒரு தோல்பைக் கடை போடலாமென்றால் டெபாசிட் மட்டும் ஏழு லட்சம் கேட்டார்கள்.

வக்கீல் அஃப்ஷா அடுத்த சந்துக்காரி. சாயாவைக் குடித்துக்கொண்டே கணக்கை விளக்கினாள்.

"மாசம் இருபதாயிரம். சொந்தத் தொழில், அம்பது வயசுக்குள்ள. இனிமே வருமானம் கூடியிருக்கும்னு கால்வாசி சேப்பாங்க. இருபத்தஞ்சாயிரம் ஆச்சா? வருஷத்துக்கு மூணு லட்சம். நாப்பத்தேழு வயசுன்னா பதிமூணால பெருக்கணும். முப்பத்தொம்பது லட்சம்."

மனைவி ஆஸியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கணவரைப் புது மரியாதையோடு பார்த்தாள்.

"முழுசா வராது மாமி. அதுல எத்தன சதவீதம் சம்பாத்தியம் போச்சோ அவ்வளவுதான். நாலுன்னா ஒன்றரை லட்சத்துச் சொச்சம்."

மரியாதை இறங்கியது.

"டாக்டருங்க உடம்பத்தான் அளந்திருக்காவ. கோர்ட் தொழிலயும் பாக்கணும். இந்த ரெண்டு விரல் மரத்துப்போனா ஒரு வாட்ச்மேனுக்கு நஷ்டமில்ல, மாமாவுக்கு சோறே அதுலதான். நான் முப்பது சதவீதம் கேக்கப்போறேன். பதினோரு லட்சத்து எழுபதாயிரம். ஆஸ்பத்திரிச் செலவு, வலி, வேதனைக்கெல்லாம் தனி."

ஆஸியா இன்னொரு சாயா போட எழுந்தாள்.

"ஒரே ஒரு விஷயம் மாமா. கோர்ட்டுல இடது கையால எதையும் தொட்டுராதீங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையாம்மா?"

விபத்து வழக்குத் தீர்ப்பாயத்தில் டெம்போவின் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஹரி. அவரும் தமிழர்தான், செம்பூர்க்காரர். தோலைக் கண்ணால் பார்த்தாலே தெரியும், நசுக்கிப் பார்ப்பதெல்லாம் ஒரு தொழிலே அல்ல என்பது அவர் வாதம். தன்னுடைய பையைச் சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்து, "இது என்ன, தொட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஜெயினுலாப்தீன் வலது விரல்களால் நசுக்கினார். மீண்டும் நசுக்கினார். "தெரியல சாப்."

அஃப்ஷாவின் வழக்குக்கு அருமையான பதில். ஹரி அத்தோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் நீதிபதியைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "அசல் இத்தாலி லெதர், முப்பத்திரண்டாயிரம் ரூபாய். குழந்தைகூடப் பார்த்ததும் சொல்லிவிடும்."

ஜெயினுலாப்தீனின் முகம் மாறியது. அஃப்ஷா இருமினாள். இன்னும் பலமாக இருமினாள். பின்வரிசையில் ஆஸியா, "யா அல்லாஹ், அந்தக் கையப் பிடிங்களேன்" என்றாள். யாரும் பிடிக்கவில்லை. இடது கை எழுந்தது. ஒரே ஒரு நசுக்கு.

"ரெக்ஸின், சாப். கைப்பிடி மட்டும்தான் தோல். அடிமடிப்பப் புரட்டிப் பாருங்க, துணி தெரியும்."

நீதிபதி குமாஸ்தாவிடம் புரட்டச் சொன்னார். வெள்ளைத் துணி தெரிந்தது. கோர்ட் சிரித்த சிரிப்பு பதிவேட்டில் ஏறவில்லை.

ஆனால் ஹரி வக்கீலாயிற்றே. பையை இழந்த வேகத்திலேயே வழக்கைப் பிடித்துக்கொண்டார். "இடது கைதான் நன்றாக வேலை செய்கிறதே! நஷ்டம் எங்கே?"

வெளியே வந்ததும் அஃப்ஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த ஒரு வார்த்தை எத்தன லட்சமோ மாமா!"

"முப்பத்திரண்டாயிரம்னு சொல்லுதாரும்மா. எப்படிக் கேட்டுக்கிட்டு நிக்க?"

தீர்ப்பில் நீதிபதி எழுதியிருந்தார்: இப்படியொரு தொழில் உண்டு என்பதை இந்த மன்றமே கண்ணால் கண்டது. இடது கைக்கும் அந்தத் திறமை உண்டு என்பதையும் கண்டது. ஆனால் இடது கை நசுக்கப் போனால் தோலைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆகவே இருபது சதவீதம். ஏழு லட்சத்து எண்பதாயிரம்.

'ரெக்ஸின்' என்ற சொல்லால் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் போயிற்று என்கிறாள் அஃப்ஷா. அது இல்லாவிட்டால் நாலு சதவீதத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்கிறாள் ஆஸியா. ஜெயினுலாப்தீன் இதில் கருத்துச் சொல்வதில்லை. கடை திறக்க நேரமாகிவிடுகிறது.

போன மாதம் அந்தக் கடைக்கு ஹரி வந்தார், கையில் ஒரு பெண்கள் பையோடு.

"பாய், வீட்டுக்காரியோடது. இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"வலது கையாலயா, இடது கையாலயா? வலதுன்னா இனாம். இடதுக்குக் காசு உண்டு, கோர்ட்டே மதிப்புப் போட்ட கை."

ஹரி காசை எடுத்து வைத்தார். ஒரு நசுக்கு.

"அசல் தோலு வக்கீல் சாப். முதல் தரம். இருபதாயிரத்துக்குக் கொறையாது. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

ஹரி சந்தோஷமாகப் போகவில்லை. பை ரெண்டாயிரத்து ஐந்நூறு என்றுதான் மனைவி சொல்லியிருந்தாராம்.