கெய்ரோ ரயிலில் இடம் பிடித்த மகள்

கணவரோடும் பத்து வயது மகளோடும் கெய்ரோ சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். புழுதியும் ஹாரன் சத்தமுமாக, நின்று மூச்சுவிட முடியாத நகரம். மெட்ரோ ரயில் வந்ததும், அதிராம்பட்டினத்தில் பஸ் ஏறும் பழக்கத்தில், "ஓடிப்போய் இடம் பிடி" என்று மகளை முன்னே அனுப்பினேன். அவள் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் "உம்மா" என்று அவள் வாய் அசைய, ரயில் போய்விட்டது. அவளிடம் போனும் இல்லை.

"நம்மூரு பஸ்ஸுன்னு நெனச்சியா, எல்லாரும் ஏறுற வரைக்கும் நிக்க?" என்று கணவர் கத்தினார்.

அடுத்த ரயிலில் விரைந்தோம். அடுத்த ஸ்டேஷனிலேயே, யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். மகள் என்னைக் கட்டிக்கொண்டு விம்மினாள்: "மூணு பேருக்கும் இடம் பிடிச்சேன் உம்மா. நீங்க ரெண்டு பேரும் வரவே இல்ல."

இப்போதெல்லாம் பஸ் காலியாக வந்தாலும் அவள் கையை விடாமல்தான் ஏறுகிறேன்.