வெந்நீர்ப் பம்பும் ஐம்பது இட்லியும்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வாடகை வீட்டுக் கொல்லைப்புறத்தில், வெந்நீர் போடுவதற்கென்றே ஓர் இயந்திரம் நிற்கிறது. நின்றாலே வேர்க்கும் ஊரில் வெந்நீர் எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்கள் ஊட்டிக்காரர்கள், பச்சைத் தண்ணீர் மேலே பட்டால் என் கணவருக்குப் பினாங்கிலும் பல் கிட்டிப்போகும். பொருத்த வந்த சீனப் பெரியவர் இதன் பெயர் ஹீட் பம்ப் என்று சொல்லி, ஆங்கிலமும் மலாயும் கலந்து அரைமணி நேரம் விளக்கினார். விசிறி வெளிக்காற்றை இழுக்கும். இயந்திரம் அதிலுள்ள சூட்டை உறிஞ்சி, மேலும் ஏற்றி, தொட்டித் தண்ணீருக்குக் கொடுக்கும். ஐம்பத்தைந்து டிகிரி வந்ததும் தானே நின்றுவிடும், ஐந்து டிகிரி இறங்கினால் தானே ஓடத் தொடங்கும். சூட்டைப் பறிகொடுத்த காற்று என்னவாகும் என்பதையும் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டியிருக்கிறேன். புரியாத இடத்தில் கூடுதலாகத் தலையாட்டுவது என் சுபாவம்.

குடிவந்து மூன்று மாதமாகியும், பக்கத்து வீட்டு இந்திராணி அக்காவைத் தவிர எங்கள் வரிசையில் யாரும் என்னிடம் நின்று பேசியதில்லை. அக்காவின் மகளைப் பெண் பார்க்க, சுங்கை பாக்காப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிறு காலை வருவதாக இருந்தது. யாரும் கேட்காமலே, ஐம்பது இட்லி நான் கொண்டுவருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று ஜெயித்தால் நானும் இந்த வரிசையில் ஓர் ஆள் என்று நினைப்பு.

ஊட்டிக் குளிரில் மாவு லேசில் பொங்காது. எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரத்துக்கு என்னுடைய பழைய ஸ்வெட்டரை மாட்டி, குளியலறை பாய்லரை ஒட்டி வைப்போம். விடிந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பழக்கத்தில், சனிக்கிழமை சாயங்காலம் பாத்திரத்தை ஹீட் பம்பின் முன்னால், காற்று வரும் பக்கமாகவே வைத்தேன். பெயரிலேயே ஹீட் இருக்கிறதே. சூடு போதாமல் போனால் என்ன செய்வதென்று ஐம்பத்தைந்தை அறுபதாக்கினேன். அப்படியும் பம்பு ஓய்ந்துவிடக் கூடாதென்று, சுடுநீர்க் குழாயைத் திறந்து வாளியில் மெல்ல ஒழுகவிட்டேன். இத்தனை சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் மாவு, கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி அசையாமல் கிடந்தது. பாத்திரம் ஜில்லிட்டது. அழுகை வந்துவிட்டது. மாவோடு போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

அக்கா கொல்லைக்கு வந்து, பம்பின் முன்னால் குளிர்காற்று வீசும் இடத்தில் கையை நீட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ஏர்கோன் முன்னாடி வச்சிருக்கியே. இது பினாங்கு லா, மாவை நாற்காலியில வச்சாலே பொங்கிரும்."

எட்டு மணிக்கு மேல் வேறு வழியில்லை. மாவில் தண்ணீர் விட்டு, வெங்காயமும் மிளகாயும் அரிந்து போட்டு, மெல்லிய தோசையாக ஊற்றித் தள்ளினோம். வலை வலையாக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மூன்றாவதைப் பிய்த்துக்கொண்டே இது என்ன பலகாரம் என்று கேட்டார்.

அக்கா முகத்தில் ஒரு சலனமில்லை. "ஊட்டித் தோசைங்க. எங்க தங்கச்சி ஊர்ல விசேஷத்துக்குத்தான் செய்வாங்க."

எங்க தங்கச்சி என்றதும் தோசைக்கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன். சம்பந்தம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்நூறு ஊட்டித் தோசை நான்தான் ஊற்ற வேண்டுமாம்; ஊட்டியில் யாரும் அதைக் கண்டதில்லை.

இப்போது என் மாவு சமையலறை மேசையில் ஸ்வெட்டர் இல்லாமலே பொங்குகிறது. பொங்கிய தங்கள் மாவு மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறதென்று, வரிசையில் நான்கு வீட்டுக்காரர்கள் பாத்திரங்களை எங்கள் பம்பின் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். எடுக்க வருகிறவர்கள் நின்று பேசாமல் போவதில்லை. அவர்களோடு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்: கணுக்கால்வரை ஊட்டி, அதற்கு மேலே வேர்த்து வழிகிற பினாங்கு.