மெரின்யாக் வீட்டில் ஆறாவது பதிவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. இதில் வரும் நேரங்களில் ஒரு நிமிடம்கூட நானாகச் சேர்த்ததில்லை. சோலென் ஒலிப்பதிவாளர். எந்தப் பதிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று பென்சிலால் குறித்து வைப்பது அவள் வேலையில் பாதி. அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

பிரான்ஸில், ஓவெர்ன் மலைச்சரிவில் ஒரு வெந்நீர் ஊற்று ஊர். கோடையில் மூட்டுவலிக்காரர்களால் நிரம்பி வழியும். பிப்ரவரியில் நாய்கூட வெளியே வராது. இசையமைப்பாளர் ஒக்தாவ் மெரின்யாக் தன் கடைசி ஏழு வருடங்களை அங்கேதான் கழித்தார். இளமையில் அவர் எழுதியதெல்லாம் கல்யாண வீடுபோல் களைகட்டும். கடைசியில் எழுதியவை அப்படி இல்லை. சுரங்கள் குறைந்து, இடைவெளி கூடி, இருட்டில் ஒருவர் சுவரைத் தடவித் தடவி நடப்பது போல இருக்கும். கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பழகியவர்கள் விடமாட்டார்கள்.

அப்படி விடாதவர் எலியான் வெர்னே. அறுபத்தொன்பது வயதுப் பெண்மணி, பியானோக் கலைஞர். அந்தக் கடைசிக் காலத்து இசை முழுவதையும், அது எழுதப்பட்ட வீட்டிலேயே வாசித்து இசைத்தட்டாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய இருபது வருடப் பிடிவாதம். வீடு இப்போது நகராட்சியின் கையில். அனுமதி கிடைப்பதற்குள் அவருடைய வலது மோதிரவிரல் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. பிறகு வாசிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் ஜன்னலைப் பார்த்தாராம்.

முதல் மூன்று நாள், செல்லோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டா. செல்லோ வாசித்த கஸ்பார் புதன்கிழமை இரவு ரயிலுக்குக் கிளம்பும்போது சொன்னார்:

"வீட்டுக்காரப் பெரியவர்கிட்ட சொல்லி வை, சோலென். நான் வாசிக்கும்போதெல்லாம் கதவோரமா வந்து நின்னுக்கறார். போன்ஜூர் சொன்னா பதிலே இல்ல."

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மதாம் திசேரின் கணவராக இருக்கும் என்று சோலென் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள், பிப்ரவரி 19, வியாழன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பியானோ உருப்படி. மெரின்யாக் கடைசியாக எழுதியது. ஆறு நிமிடம் நாற்பது வினாடி. பகல் ஒரு மணிக்கு மதாம் திசேர் பருப்பு சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். சோலென் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பியானோ பிடிக்குமோ?"

"அவருக்கா? அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சு. இருந்தப்பவே அக்கார்டியன் கேட்டாத்தான் தலை நிமிரும்."

மதாம் திசேர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீட்டில் இப்போது இரண்டே பேர். வரவேற்பறையில் பியானோ முன்னால் எலியான். நடைக்கூடத்துக்கு அந்தப்பக்கம், சமையலறையில், தன் கருவிகளோடு சோலென்.

வரவேற்பறையில் இரண்டு மைக்குகள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சோலென் விரல் நீட்டிக் காட்டிவிடுவாள். பதினெட்டு வருட அனுபவம்.

2:10. முதல் பதிவு. மூன்றாவது நிமிடத்தில் ஒரு மூச்சு கேட்டது. வலது ஓரம், ஜன்னல் பக்கம். மூக்கடைத்தவர் விடுவது போல நீளமான மூச்சு.

சோலென் பேசும் பொத்தானை அழுத்தினாள். "எலியான், ஜன்னல் பக்கம் யாராவது இருக்காங்களா?"

"இருந்தா டிக்கெட் வாங்கச் சொல்லு, கண்ணு."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். ஜன்னல் மூடியிருந்தது. வெளியே படிந்த பனியில் ஒரு தடமும் இல்லை.

2:41. இரண்டாவது பதிவு. பலகைத் தரையில் காலடி. ஒரு கால் ஊன்றியது... மறு கால் இழுபட்டது. மூச்சு இப்போது பியானோவுக்குப் பின்னால்.

3:07. மூன்றாவது. மூச்சு மைக்குகளுக்கு நேர் எதிரே. யாரோ மைக்கை உற்றுப் பார்ப்பது போல.

வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, பதிவானதைப் போட்டுக் கேட்டாள். முதல் பதிவு சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதும் சுத்தம். மூச்சும் இல்லை, காலடியும் இல்லை. வயரை மாற்றினாள். ஹெட்போனை மாற்றினாள்.  தூக்கமில்லாததால்தான் இப்படிக் கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

3:50. நான்காவது. எலியானின் விரல் பாதியிலேயே இழுத்துக்கொண்டது. வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றாள் சோலென். சொல்லும்போதே, இந்த வீட்டைவிட்டு இப்போதே வெளியேற ஒரு சாக்குத்தான் தேடுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு இந்த விரல் ஒத்துழைக்காதுடி. இன்னும் ரெண்டு தடவை வாசிக்கலாம். அதுக்கு மேல என்னால ஆகாது."

4:22. ஐந்தாவது.

காலடி வரவேற்பறையைக் கடந்தது. இடது ஓரத்துக்கு வந்தது. கதவைத் தாண்டியது. நடைக்கூடத்தில் நடந்தது. ஒரு கால் ஊன்றி... ஒரு கால் இழுத்து...



நடைக்கூடத்தில் மைக்கே கிடையாது.

ஹெட்போனைக் கழற்றினாள். அமைதி. தூரத்தில் பியானோ மட்டும். மாட்டினாள். காலடி சமையலறை வாசலில் நின்றிருந்தது.

அந்தப் பதிவு வீணானது. கடைசி வரியில் எலியான் ஒரு சுரத்தைத் தவறவிட்டார். மைக் வழியாக அவருடைய குரல் வந்தது.

"இதோ பாரு சோலென், இனி ஒண்ணுதான். நீ தயாரா?"

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சோலென் சுவரோடு முதுகை ஒட்டி நாற்காலியைப் போட நினைத்தாள். ஹெட்போன் வயர் எட்டவில்லை.

"தயார்," என்றாள்.

4:48. ஆறாவது.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு வாசிப்பை அவள் கேட்டதில்லை. மடங்கிய விரலே காணாமல் போனது போல. எலியான் இசையைத் தேடவில்லை. அது தானாக வந்துகொண்டிருந்தது.

4:50. பின்னால் மூச்சு.

ஹெட்போனில் இல்லை. பிடரியில்.

4:51. இரண்டு கைகள் ஹெட்போனின் மேல் வந்து அமர்ந்தன.

மெதுவாக... காதோடு சேர்த்து... அழுத்தின.

ஸ்பாஞ்சைத் தாண்டிக் குளிர் உள்ளே இறங்கியது. அவளால் கத்த முடியும். எழுந்து ஓட முடியும். நாற்காலி கிறீச்சிட்டால் அடுத்த அறைக்குக் கேட்கும். எலியான் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் இந்த வாசிப்பு இனி இந்த உலகில் கிடையாது.

சோலென் அசையவில்லை.

4:52. அழுத்தம் கூடியது.

4:53. பின்னாலிருந்த மூச்சு இசையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. நடுவில் விம்மியது. அழுகிறதா... சிரிக்கிறதா...

இடது பக்கத்துச் சுரங்கள் மங்கின.

மேலும் மங்கின.

4:54. கடைசிச் சுரம். அது தேய்ந்து மறையும்வரை அவள் மூச்சுவிடவில்லை. பிறகு இடது கை மட்டும் முதலில் விலகியது. வலது கை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அதுவும்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

எலியான் ஓடி வந்தார். அறுபத்தொன்பது வயதில் ஓடினார். சோலெனின் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டார்.

"வந்துடுச்சுடி! வந்துடுச்சு! ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"எலியான்... இந்தப் பக்கம் வந்து பேசுங்க."

"ஏன் இப்படிக் கத்துற?"

தான் கத்துவது சோலெனுக்குத் தெரியவில்லை. தாளின் கடைசி வரியில் '4:54, நன்று' என்று எழுதியிருக்கிறாள். எழுத்து கோணிக்கொண்டு தாளின் விளிம்புவரை போகிறது.

கிளெர்மோன் நகரில் காது மருத்துவர் மூன்று முறை சோதித்தார். இடது காது நரம்பு முழுக்கச் செத்துப்போயிருந்தது. "இது நேத்து இன்னைக்கு வந்ததில்லையே. இருபது வருஷமாவது ஆகியிருக்கணும். நீங்க எப்படி இந்தத் தொழில் பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். 

அக்டோபரில் இசைத்தட்டு வந்தது. ஆறாவது பதிவைக் கேட்டவர்கள் எல்லாரும் எலியானுக்குக் கடிதம் எழுதினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல் வாசிப்புக்குத் திரும்பவில்லை. ஆனால் அவருக்கு வருத்தமில்லை. நடந்ததைச் சோலென் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

போன மாதம் குழாய் வெடித்து, மெரின்யாக் வீட்டின் மாடித் தரையைப் பெயர்த்தார்கள். பலகைக்கு அடியில் ஒரு நோட்டுப்புத்தகம் கிடைத்தது. இசையமைப்பாளரின் தங்கை ஓர்த்தான்ஸ் எழுதியது. சோலெனுக்கு உபயோகப்படும் என்று நினைத்து, மதாம் திசேர் அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்.

மெரின்யாக்குக்குக் கடைசி ஐந்து வருடம் காது அறவே கேட்கவில்லை. அண்ணனும் தங்கையும் அதை வெளியே யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்திருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை வந்து அவர் எழுதியதை வாசித்துக் காட்டுவாராம். தங்கை உட்கார்ந்து கேட்பாராம். அண்ணன் ஒரு காலை இழுத்தபடி வந்து தங்கையின் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளைப் பொத்திக்கொள்வாராம்.

ஒரு பிப்ரவரியில் ஓர்த்தான்ஸ் எழுதியிருக்கிறார்:

'என் இடது காது போய்விட்டது. ஒக்தாவ் குழந்தைபோல அழுகிறான். கீழ்ச்சுரங்கள் எல்லாம் தனக்குக் கேட்கின்றன என்கிறான்.'

கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி:

'மேல்சுரங்களும் வேண்டுமாம். இன்று வலதும் போய்விட்டது.'

இரண்டு குறிப்புகளுக்கும் தேதி போட்டிருக்கிறது. இடைவெளி சரியாக ஒரு வருடம்.

இன்று பிப்ரவரி எட்டு. சோலெனுக்கு ஒரு வருடம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.