பான்சொக் அத்தானின் மூன்று வெள்ளைப் பெட்டிகள்

என் அக்கா புருஷன் கூ பான்சொக்குக்குக் கொரியாவின் இன்சொன் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை. நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பொருளுக்குள் வைஃபை இருக்கிறது என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், அதை வாங்காமல் வீடு திரும்ப மாட்டார். குக்கர், கிம்ச்சி ஃப்ரிட்ஜ், வாசல் பூட்டு, தரையைச் சூடாக்கும் பாய்லர், கழிப்பறை இருக்கை எல்லாம் இணைந்தாயிற்று. ஒருநாள் கடையில் இருந்தபடியே அந்த இருக்கையைச் சூடேற்றி, அக்காவை அலறியடித்து எழ வைத்தார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது.

இந்த வருஷம் சுசோக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் மெஷ் வாங்கிவந்தார். மூன்று வெள்ளைப் பெட்டிகள். கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, கிம்ச்சி ஃப்ரிட்ஜ் தலையில் ஒன்று. மூன்றும் கைகோத்து வீடு முழுக்க வைஃபையைப் பரப்புமாம்.

"நூறு கருவி தாங்கும் மிரான்! அட்டையிலேயே போட்டிருக்கான்!" என்று அக்காவிடம் குதித்தார்.

"நம்ம வீட்டுல ரெண்டு பேருதானே இருக்கோம்?" என்றாள் அக்கா.

"டிக்கெட்டுக்குடி, டிக்கெட்டுக்கு!"

பண்டிகை ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் காலையில் நாடே போனைப் பிடித்துக்கொண்டு உட்காரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் காலி. அத்தான் மொக்போவில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போயாக வேண்டும். நெரிசலில் காரோட்ட அவர் இடுப்பு இடம்கொடுக்காது. அங்கே முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது ஆம்பளைகள். இரண்டு நாளாக எண்ணெய்ச் சட்டி முன்னால் குந்தி, படையலுக்கு ஜோன் என்கிற அடைகளைச் சுடுவது மருமகள்கள். கல்யாணமான நாள் முதல் அக்கா ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. சுன்சொனில் எங்கள் அப்பா பண்டிகையன்று டிவி முன்னால் தனியே இருப்பார். கல்யாணம் ஆகாத நான் போவேன்தான். போனால் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "பெரியவ வரலியா?" வேறு ஒரு வார்த்தை வராது அந்த மனுஷனுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அக்கா அழுத்திப் பிடித்ததில் அத்தான் வாயை விட்டிருந்தார்: "டிக்கெட் கிடைக்கலேன்னா உங்கப்பா வீட்டுக்கே போவோம். போதுமா?"

ஆகவே அக்கா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "நிஜமாவே நூறு தாங்குமாடி?"

"வீட்டுக்குள்ள தாங்கும். கல்யாண மண்டபத்துல நூறு பேர் உக்காரலாமில்ல? ஆனா வெளிய போற வாசல் ஒண்ணுதான். டிக்கெட் விக்கிறவனுக்கு எல்லாமே ஒரே வீட்டு விலாசமாத்தான் தெரியும். ஒரே விலாசத்துலேந்து ஓயாம தட்டினா, எவனோ திருட்டு வேலை பண்றான்னு கதவைச் சாத்திடுவான்."

"ஓஹோ," என்றாள் அக்கா. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். "காலையில எங்க வீட்டுக்கு வாங்க. புது வைஃபை. நூறு தாங்குமாம்!"

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா உங்கக்காவை! என்ன ஒத்துழைப்பு!" நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

காலையில் கூடத்தில் கால்வைக்க இடமில்லை. எல்லார் கையிலும் போன், சிலர் மடியில் டேப்லெட் வேறு. அக்கா எல்லாருக்கும் சோற்றைச் சுருட்டி கிம்பாப் உருட்டிக் கொடுத்து உபசரித்தாள். மேல்வீட்டுத் தெக்யூ கைக்குழந்தையோடு வந்திருந்தான். மொக்போவில் இருக்கும் அவன் அம்மா பேத்தியை இன்னும் பார்த்ததே இல்லை.

நேரம் வந்தது. "அமுக்குங்க!" என்று அத்தான் கத்தினார். எல்லாரும் அமுக்கினார்கள். மெஷ் அசரவில்லை, பாவம், சொன்ன சொல் காப்பாற்றியது. ஆனால் எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய கோரிக்கைகள், சிறிது நேரம் கழித்து முயலவும். சிறிது நேரம் கழித்து முயன்றபோது மொக்போ பக்கம் ஒரு சீட்டும் இல்லை.

"நூறு தாங்கும்னானே!" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தெக்யூ குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் தொங்கிப்போனது.

கோபத்தில் அத்தான் மெஷ் வந்த அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடக் கீழே போனார். போன மனுஷன் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தார்.

"கிடைச்சிடுச்சு! ரெண்டு சீட்டு! கீழ வைஃபை எட்டல, போன் கம்பெனி இணைப்புல பக்கம் திறந்துச்சு. எவனோ வேணாம்னு விட்டது!"

கூடமே கைதட்டியது. அக்கா மட்டும் தட்டவில்லை. கிம்பாப் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தான் பின்னாலேயே போனார்.

"என்னடி? மூஞ்சி ஏன் இப்படி?"

"எனக்குப் போக வேணாங்க. உங்க தாத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் ஜோன் சுட்டாச்சு. உசிரோட இருக்கற எங்கப்பாவுக்கு ஒண்ணு சுட்டுக் குடுத்ததில்ல. டிக்கெட் கிடைக்கக் கூடாதுன்னுதான் ஊரையே கூப்பிட்டேன். போதுமா?"

இனி ரகளைதான் என்று நான் நினைத்தேன். அத்தான் போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார். குரலில் கோபமே இல்லை. கூடத்துக்கு வந்து அந்த இரண்டு சீட்டையும் தெக்யூவின் போனுக்கு அனுப்பினார். பிறகு மொக்போவுக்குப் பேசினார்.

"அண்ணே, டிக்கெட் கிடைச்சுது. ஆனா இந்தத் தடவை மிரான் அப்பா வீட்டுக்குப் போறோம்."

மறுமுனைக் கத்தல் எங்களுக்கே கேட்டது. கடைசியில், "அப்போ உங்க அண்ணி ஒருத்தியா அவ்வளவு ஜோனையும் எப்படிடா சுடுவா?"

"ஏன் ஒருத்தியா? நீங்களும் பக்கத்துல உக்காருங்கண்ணே. எண்ணெய் தெறிச்சா மட்டும் கையை எடுத்துக்குங்க."