துஷாந்தி அக்காவின் மூக்கு

டப்பாவைத் திறந்ததும் துஷாந்தி அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளே இருப்பதில் தனக்கு ஒரு அக்கறையும் இல்லை என்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். வலது கை மட்டும் டப்பாவின் வாய்க்கு மேலே மெல்ல அசையும். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் அழைக்கும். பிறகு கண்ணை மூடுவார். எண்ணி மூன்று மூச்சு. நாலாவது மூச்சு என்பது அவரிடம் கிடையாது.

"நாலாவதில மூக்குப் பழகிப்போயிடும் தம்பி. பழகின மூக்கு எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டும்" என்பார்.

டப்பாவில் இருப்பது மிளகாய்த்தூள் என்று நீங்கள் நினைத்தால் அதில் தவறில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அது வெடிமருந்து. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பையே கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற பரம்பரையில் வந்தவன் நான். என் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

ஜெர்மன் பேசுகிற ஷ்லீரன் ஊரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் அவருக்கு இரண்டாம் மாடி, எனக்கு நாலாம் மாடி. அடித்தளத்துச் சலவை அறையில் எங்கள் இருவருக்கும் செவ்வாய்க்கிழமை முறை. அங்கேதான் பழக்கம். என் சட்டையை இயந்திரத்திலிருந்து எடுத்துத் தூரப் பிடித்து, "சோப்பைக் குறையுங்கோ. நாலு தரம் அலசினாலும் இது போகாது" என்று சொன்னதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஐம்பத்திரண்டு வயது. மட்டக்களப்பிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். வாரநாட்களில் ஒரு கிடங்கின் அலுவலக அறைகளைத் துடைக்கிறார். வியாழக்கிழமை மாலை டீட்டிகோனில் ஒரு வயதானவரின் வீட்டைச் சுத்தம் செய்கிறார். சனிக்கிழமை, மலைச்சரிவில் இருக்கும் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் மரவீட்டைக் கூட்டிப் பெருக்கப் போகிறார்.

அந்தச் சங்கத்தில்தான் அவர் மூக்குக்கு மரியாதை வந்தது. இந்த நாட்டில் துப்பாக்கி சுடுவது பலருக்கு நம் ஊரில் கேரம் ஆடுவது போன்ற சங்கதி. அவர்களில் சிலர் சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, வீட்டிலேயே மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார்கள். மருந்து நிலவறையில் இருபது வருடம், முப்பது வருடம் கிடக்கும். நன்றாக வைத்திருந்தால் கெடாது. கெட்டதைத் தெரியாமல் நிரப்பினால் கையும் கண்ணும் போகலாம். ஐந்து வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, அலமாரிக்குள் எதுவோ புளிக்கிறது என்று நின்றுகொண்டார். சங்கத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். அவர் நகரவில்லை. திறந்து பார்த்தால் ஒரு டப்பாவின் மூடி உள்பக்கம் துருவேறிக் கிடந்தது, மருந்து செங்கல் நிறத்தில் தூள் தட்டியிருந்தது. அன்றுமுதல் யார் வீட்டில் பழைய டப்பா அகப்பட்டாலும், "ஃப்ராவ் துஷாந்தி பார்த்தாரா?" என்று ஒரு கேள்வி வரும். ஃப்ராவ் என்றால் ஜெர்மனில் திருமதி.

மூக்கை மட்டும் நம்பி அவர் இறங்குவதில்லை. சங்கத்து நூல்களைப் படித்திருக்கிறார். கைப்பையில் மடித்த வெள்ளைத்தாள் ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு சிட்டிகை மருந்தை அதில் உதிர்த்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவுவார். டப்பாவில் மருந்தின் வகையைச் சொல்லும் பெயரும் எண்ணும் இல்லையென்றால் திறக்கவே மாட்டார். "நல்ல மருந்து நகப்பூச்சு அழிக்கிற தண்ணி மாதிரி லேசா மணக்கும். கெட்டது வினாகிரி மாதிரிப் புளிக்கும். பேர் இல்லாதது நல்லதா இருந்தாலும் கெட்டதுதான்" என்பது அவர் சட்டம். பார்க்கப் போகும் நாளில் பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார், கோப்பி குடிக்க மாட்டார். வாழ்நாளில் ஒருதரம்கூடச் சுட்டதில்லை. சத்தம் பிடிக்காதாம்.

அட்லிஸ்வில் முருகன் கோயிலில் பொங்கல் வைக்கும் முறை வந்தால் கதை தலைகீழ். சாமிக்குப் படைக்குமுன் மணந்து பார்க்கக் கூடாதல்லவா? அவ்வளவு கெட்டிக்கார மூக்கை வைத்துக்கொண்டு, பானைக்கு முன்னால் மூச்சைப் பிடித்தபடி நிற்பார். முகம் சிவந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கொருமுறை வாசலுக்கு ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

ஒருநாள் சலவை அறையில் நான் அதிகப்பிரசங்கியாக ஒன்று கேட்டேன். ஊரில் சண்டை நடந்தபோது இதே வாசனைதானே இருந்திருக்கும், பயமாக இல்லையா என்று. படுக்கைவிரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "அது எரிஞ்சாப் பிறகு வாற மணம். இது எரியாம இருக்கிறதின்ட மணம். ரெண்டும் ஒண்டில்லைத் தம்பி. இந்தப் பக்கத்தை இழுத்துப் பிடியுங்கோ" என்றார். நான் இழுத்துப் பிடித்தேன். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதப்போவதாக நான் சொல்லிவைத்திருந்தேன். போன நவம்பரில் ஒரு ஞாயிறு, "டீட்டிகோனுக்குப் போறன், வாறீங்களோ? எழுதிறதெண்டால் கண்ணால பாருங்கோ" என்று கூப்பிட்டார். அவர் வியாழக்கிழமைகளில் சுத்தம் செய்யும் அதே வீடு. ரயிலிலிருந்து இறங்கினால் ஊரையே காணோம். லிம்மாட் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி தெருவை முழங்காலளவுக்கு விட்டுவைத்து, மேலே இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு நாய் மட்டும் வந்தது. அதன் எசமானர் கொஞ்சம் கழித்து வந்தார். அக்கா தூக்கத்தில் நடப்பவர்போல் நடந்தார். அந்த வெண்மையில் எங்கள் காலடிச் சத்தம்கூட வேறு யாருடையதோ என்று தோன்றியது.

வீட்டுக்காரர் ஹெர் ஃப்ரிக்குக்கு, அதாவது திருவாளர் ஃப்ரிக்குக்கு, எண்பத்துநாலு வயது. சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, சமையலறை மேசையருகே காத்திருந்தார். மேசைமேல் பழைய ஆரஞ்சு நிற டப்பா ஒன்று, சின்னப் பித்தளைத் தராசு, வரிசையாகப் பத்துப் பித்தளைக் கூடுகள். அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் பழைய துப்பாக்கிகளின் நாள். ஆளுக்குப் பத்துத் தோட்டா. அவருடைய வலது கண் மங்கிக்கொண்டு வருகிறது. இந்தத் தடவை சுட்டுவிட்டுத் துப்பாக்கியை மருமகனிடம் கொடுத்துவிடப் போகிறார். நாற்பது வருடம் அவருக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தவர் மனைவி வெரேனா. இதே மேசையில், இதே தராசில். அவர் போய் ஏழு வருடமாகிறது. அவர் விட்டுப்போன கடைசி டப்பா இது. கடைசிப் பத்தும் வெரேனாவின் மருந்தாக இருக்க வேண்டும் என்பதுதான் கிழவரின் ஆசை.

என் ஜெர்மன் ரயில் நிலைய அறிவிப்போடு நின்றுபோன ஜெர்மன். அதனால் எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கொரோனாவுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரியாது. அதனால் இவர் சொல்வதுதான் எனக்கு."

அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, லேபிளின் மேல்வரியில் பெயரும் எண்ணும் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. கை அசைந்தது. மூன்று மூச்சு. அந்த நேரத்தில் அவர் அந்தச் சமையலறையிலேயே இல்லை. மூடுபனி கண்ணாடியை ஒட்டி நின்றது, சுவர்க் கடிகாரம் நடந்தது, எனக்குக் கண் சொக்கியது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பிறகு வெள்ளைத்தாளில் கொஞ்சம் உதிர்த்தார். சாம்பல் பச்சையில், வெட்டிப்போட்ட நூல் துணுக்குகள்போலச் சின்னச் சின்னத் துண்டுகள். செந்தூள் இல்லை. மூடியைத் தடவிய விரலும் சுத்தம்.

"நல்லது" என்றார் ஜெர்மனில். ஹெர் ஃப்ரிக் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தாளிலிருந்ததை டப்பாவுக்குள் திரும்பக் கொட்டிவிட்டு, லேபிளை முழுசாகப் படிக்க அக்கா டப்பாவைத் திருப்பினார். லேபிளில் பெயர், எண், அவற்றின் கீழே பென்சிலில் வெரேனாவின் கையெழுத்து. அவருடைய கட்டைவிரல் அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி" என்றார் தமிழில், மெதுவாக. "இதில பாதி எண்டு எழுதிக் கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். ஒரு தேதி, பக்கத்தில் ஜெர்மனில் 'பாதி' என்ற சொல். கடைசியாக எடுத்தபிறகு மிச்சம் எவ்வளவு என்று அந்த அம்மாள் குறித்துவைத்திருக்கிறார். "டப்பா கழுத்துவரைக்கும் இருக்கேக்கா" என்றேன்.

"அதைத்தான் சொல்லுறன். மற்றப் பாதியைக் கொட்டினது நான்."

ஏழு வருடம் முன்பு, வெரேனாவின் செத்தவீடு முடிந்த வாரம், நிலவறையை ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நிறத்தில் இரண்டு டப்பா, இரண்டிலும் பாதி. அப்போது அக்காவுக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? மிளகாய்த்தூளோ சீரகமோ, இரண்டு போத்தலில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் ஒன்றாக்கிவிட்டு ஒன்றைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். அதையே செய்திருக்கிறார். காலி டப்பா உலோகக் குப்பைக்குப் போய்விட்டது. அதன்மேல் என்ன எண் இருந்தது என்று பார்க்கவில்லை.

"என்ட மூக்கு ரெண்டையும் நல்லதெண்டுதான் சொல்லுது. நல்லதுதான். ஆனா ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு அளவு. கலந்தாப் பிறகு எவ்வளவு போடுறதெண்டு கடவுளுக்கும் தெரியாது. கூடிப்போனாத் துவக்கே வெடிக்கும். அது இவற்ற முகத்துக்கு முன்னாலதான் இருக்கும்."

கிழவர் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் குறுக்குப் புத்தி சட்டென்று வேலை செய்யும். "அக்கா, பழசாகிக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. முதல்ல சரியாப் பார்க்கலைன்னு சொன்னா முடிஞ்சுது. அவருக்கு மூக்கு கிடையாது. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பவே இல்லை. டப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கெட்டுப்போச்செண்டு சொன்னா, அந்த மனிசி வடிவா மூடி வைக்கேல்லை எண்டெல்லோ ஆகும். அவ ஒரு பிழையும் விடேல்லை. பாதி எண்டு எழுதிக்கூட வச்சிருக்கிறா. பிழை விட்டது நான். இனிச் சங்கத்தில ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டினம், கூப்பிடாட்டிப் போகட்டும்."

பிறகு ஹெர் ஃப்ரிக்கிடம் ஜெர்மனில் சொன்னார். சின்னச் சின்ன வாக்கியங்கள். எனக்கே எல்லாம் புரிந்தது. இரண்டு டப்பா இருந்தது. நான் ஒன்றாக்கினேன். எனக்கு அப்போது தெரியாது. இன்றுவரை மறந்திருந்தேன். வெரேனாவின் மருந்து நல்ல மருந்து. நான் அதைப் பாழாக்கிவிட்டேன்.

கிழவர் எழுந்து ஜன்னலண்டை போனார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, மூடுபனிதான். அவர் கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. கனவிலிருந்து இன்னும் எழுந்திருக்காத முகம்.

"ஃப்ராவ் துஷாந்தி, இரண்டு டப்பாவும் அவளுடையதுதானே? எது எதோடு கலந்தாலும் எல்லாம் வெரேனாதானே? கொஞ்சம் குறைத்துப் போடுவோம். பத்தே பத்து" என்றார். முதல் கூட்டை விரலில் எடுத்தும்விட்டார்.

போட்டுக்கொள்ளட்டுமே என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

அக்கா டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பழைய பசை. அவசரப்படாமல், கிழியாமல், மூலை மூலையாக உரித்தார். அந்த மெல்லிய தாளைக் கிழவரின் உள்ளங்கையில் பென்சில் எழுத்து மேலே தெரியும்படி வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து, டப்பாவுக்குள் விளிம்பு தட்டும்வரை ஊற்றினார்.